நாட்றாம்பாளையம் தாண்டி ஆறரை மணி நேரம்

காட்டு வழியாக ஒகேனக்கல் போகலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னேன். என்னைத் தவிர்த்துப் பதினாறு பேர். பதின்மூன்று கைகள் எழுந்தன. தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி கோயில் வாசலில், மாலை நான்கரை மணிக்கு, வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் செய்த அந்தக் காரியத்தைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்து நொந்துகொள்கிறேன். டயர் வெடித்ததை அடுத்த தவறு என்றுகூடச் சொல்ல மாட்டேன். அது வெடிக்கிற டயர், எங்கேயாவது வெடித்திருக்கும்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகளிர் சுய உதவிக் குழுவில் நான் ஊக்குநர், குழுவை முன்னின்று நடத்துபவள். தையல் வேலை செய்கிறேன். கணவர் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதம், குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் எங்காவது போய் வரலாம் என்று பேச்சு எழுந்தது. ஆளுக்கு ₹900 போட்டோம். நானும் சேர்த்துப் பதினேழு பெண்கள், இரண்டு குழந்தைகள். ஓசூர் சந்திர சூடேஸ்வரர் கோயில், அங்கிருந்து தேன்கனிக்கோட்டை, பிறகு அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல், பென்னாகரம் வழியாக வீடு. வரைபடத்தில் பார்த்தால் அழகான வட்டம். அந்த வட்டத்தில் ஒரு பாதி முழுக்கக் காடு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பகலில் போகும் காடு என்று நினைத்திருந்தேன்.

வேன் பேசியது ₹9,000, டீசல் உட்பட. முன்பணம் ₹5,000 கொடுத்தேன். தெரிந்தவருக்குத் தெரிந்தவர். எண் பலகை வெள்ளை நிறத்தில் இருந்ததை நான் பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன பொருள் என்று அன்றைக்குத் தெரியாது. மஞ்சள் பலகை இருந்தால்தான் அது வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு எடுத்துப்போய் ஏதாவது நடந்துவிட்டால், உள்ளே இருந்தவர்களுக்கு இழப்பீடு கேட்டுப் போகும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட இடம் இருக்கிறது. ஆயிரம் இரண்டாயிரம் குறைவாகக் கேட்கிறார்களே என்று மகிழ்ந்துபோய் பத்தொன்பது உயிர்களை அந்த வண்டியில் ஏற்றினேன். அதுவும் பதினேழு இருக்கைதான். குழந்தைகள் மடியில்.

ஓசூரில் மலை ஏறி இறங்கியதில் நேரம் போனது. சாப்பாட்டுக் கடையில் கூட்டம், அதில் ஒரு மணி நேரம். ஒருவருக்குப் புடவைக் கடை பார்க்க வேண்டும், இன்னொருவருக்கு அங்கே தங்கை வீடு. கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: தனியாகப் போனால் பத்து நிமிடம் ஆகும் வேலை, பதினேழு பேருக்கு நாற்பது நிமிடம் ஆகும். கழிப்பறைக்கு நின்றால் மட்டுமே அரை மணி. நான் போட்ட நேரத் திட்டம் என் ஒருத்திக்குப் போட்ட திட்டமாக இருந்தது. தேன்கனிக்கோட்டையில் இரண்டு மணிக்கு இருந்திருக்க வேண்டியவர்கள் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. கெலமங்கலம், ராயக்கோட்டை வழியாகத் திரும்பினால் ஊர் ஊராக வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தப் பக்கம் போனால் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், காடு, ஒகேனக்கல். என் மனது வீட்டுக்குப் போ என்றுதான் சொன்னது. ஆனால் "மீன் வறுவல் இல்லாமல் என்ன ஒகேனக்கல், ஒகேனக்கல் இல்லாமல் என்ன சுற்றுலா" என்று ஒரு அக்கா கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் என் தலையில் விழும். அதனால் கை தூக்கச் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? இருட்டிய பிறகு பரிசல் ஓடாது, எட்டு மணிக்கு அங்கே போய் என்ன செய்யப் போகிறோம் என்பதைக்கூட அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியவள் நான், நான் கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அஞ்செட்டியில் தேநீர் குடிக்க நின்றோம். மணி ஐந்தே முக்கால். கடைக்காரப் பெரியவர் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒகேனக்கல்லா? இந்த நேரத்திலா? தங்கிவிட்டுக் காலையில் போங்களம்மா" என்றார். ஓட்டுநர் தம்பி, "தினமும் பஸ் போகிற ரோடுதானே ஐயா" என்று சொல்லிவிட்டான். அந்தப் பெரியவர் அதற்கு மேல் பேசவில்லை. உள்ளூர்க்காரர் ஒருமுறைதான் சொல்வார். இரண்டாம் முறை கெஞ்ச மாட்டார். எங்கள் கூட்டத்தில் மூத்தவரான பெரியம்மா, சர்க்கரை நோய்க்காரர், எப்படியும் ஏழரைக்குள் மீன் சாப்பாடு கிடைத்துவிடும் என்று தேநீரோடு தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். எங்கள் கைப்பேசிகளில் அதற்கு மேல் சமிக்ஞை தொடர்ந்து கிடைக்கவில்லை. "இந்த வழியாகப் போகிறோம், எட்டரைக்குள் அழைக்காவிட்டால் யாரிடமாவது சொல்" என்று மகனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். பத்தாம் வகுப்புப் பையன், புத்திசாலி. நான் அனுப்பவில்லை. அவன் அன்று இரவு அம்மா ஒகேனக்கல்லில் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று நினைத்துத் தூங்கிவிட்டான். எங்களை ஒருவரும் தேடவில்லை, ஏனென்றால் காணாமல் போனதே ஒருவருக்கும் தெரியாது.

நாட்றாம்பாளையம் தாண்டும்போது விளக்குப் போட்டாகிவிட்டது. காவிரி நீர் அளவு பற்றிச் செய்தியில் தினமும் காதில் விழுமே பிலிகுண்டுலு, அது இந்தப் பக்கம்தான் என்று யாரோ சொல்ல, ஜன்னல் வழியாக எல்லோரும் இருட்டைப் பார்த்தோம். ஏழு ஐந்துக்கு முன்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், மண் மேட்டில் சாய்ந்து நின்றது. வளைவில் வேகம் குறைவாக இருந்ததால் யாருக்கும் அடி இல்லை. இறங்கிப் பார்த்தால் வழுவழுவென்று மொட்டை டயர். சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்றால், அதை இறக்கியபோது பக்கவாட்டில் கம்பி தெரிந்தது, காற்றும் இல்லை. ஜாக்கி எண்ணெய் கக்கியது. புறப்படுவதற்கு முன் ஸ்டெப்னியைக் கட்டை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டியவர்கள் நாங்கள்.

அந்தப் பகுதி எப்படிப்பட்டது என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் இந்த மலைகளில் இருக்கின்றன. தெற்குச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது, அது மட்டுமே 686 சதுர கிலோமீட்டர். அந்தப் பக்கம் பன்னார்கட்டா, இந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலை என்று யானைகள் நடந்துகொண்டே இருக்கும் காடு. ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றும்போது தளி, ஜவளகிரி, ஓசூர் வயல்களுக்கு வந்து போகிறவை, மாசிக்குப் பிறகு தண்ணீரைத் தேடி ஆற்றுப் பக்கம் இறங்கும். நாங்கள் சாய்ந்து நின்றது அவை இறங்குகிற சரிவில்.

முதலில் செய்தது தவறு. பிரசாதமாகக் கிடைத்ததும் வழியில் வாங்கியதுமாக நான்கு சீப்பு வாழைப்பழம் இருந்தது. யானைக்கு வாசனை தெரியும், வெளியே எறிந்துவிடுங்கள் என்றான் ஓட்டுநர். பயத்தில் பையோடு எடுத்து எறிந்தோம். எங்கே? கைக்கு எட்டிய தூரத்தில், வேனிலிருந்து பத்தடியில். யானையை விருந்துக்கு அழைத்து வாசலில் இலை போட்டது போல. பழத்தை முதலில் வாங்கியே இருக்க வேண்டாம்.

எட்டு மணிக்கு எதிர்ப்புறமிருந்து ஒரு பைக் வந்தது. இரண்டு பையன்கள், பக்கத்துக் குக்கிராமத்துக்காரர்கள். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார்கள். நின்றார்கள், அதற்கே கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒருவன் இறங்கி, ஓட்டுநரை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல், பென்னாகரம் பக்கம் போய் டயர் தேடலாம் என்று முடிவானது. இறங்கியவன் எங்களோடு இருப்பான் என்று நினைத்தேன். அவன் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவிடம் போக வேண்டும் என்று சொல்லி, தன் கை விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, "இறங்காதீர்கள் அக்கா. விளக்கு அடிக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். பக்கத்தில் வந்தால் பேச்சே இருக்கக் கூடாது. அதற்குக் கண் மந்தம், காதும் மூக்கும்தான்" என்று சொல்லிவிட்டு இருட்டுக்குள் நடந்தே போனான். ஓட்டுநரிடமிருந்து சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த நாளில் நான் யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுதான்.

பெண்கள் எழுதுவதற்குக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறரை மணி நேரம், பதினேழு பெண்கள். சிறுநீர் கழிக்க வேண்டும். காட்டுக்குள் மறைவு தேடிப் போகாதீர்கள். மறைவு என்று நீங்கள் தேடுகிற புதர்தான் அங்கே ஆபத்து. கதவை ஒட்டி, வேனின் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு பேர் புடவையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருவராக. முதல் ஆளுக்குத்தான் வெட்கம். மூன்றாவது ஆளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அந்தச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

ஒன்பதரைக்குப் பெரியம்மாவின் பேச்சு குழறியது. கழுத்தெல்லாம் வேர்வை, கை நடுக்கம். பயத்தில் என்று எல்லோரும் விசிறினார்கள். குழுவில் ஒருத்தியின் அம்மாவுக்கும் சர்க்கரை நோய், அவள்தான் "மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்குகிறது" என்று கண்டுபிடித்தாள். இனிப்பு கொடுக்க வேண்டும். வாழைப்பழம் எல்லாம் வெளியே கிடக்கிறது. கடைசியில், பேரனுக்காக ஒரு அக்கா அஞ்செட்டியில் வாங்கியிருந்த தேன் மிட்டாய்ப் பொட்டலம் வெளிப்பட்டது. தண்ணீரும் தேன் மிட்டாயுமாக நான்கைந்து கொடுத்தோம். கால் மணி நேரத்தில், "எதற்கு எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் போட்டிருக்கவும் முடியாது, மூச்சுக்குழாயில் போய்விடும். கூட்டமாகப் போகும்போது யாருக்கு என்ன நோய், மாத்திரை எந்தப் பையில் என்று தலைமை ஏற்பவர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் ரத்தப் பிரிவு முதற்கொண்டு எல்லாவற்றையும் குழுப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன். பதிவேடு வீட்டில் பீரோவில் இருந்தது.

பத்தரை இருக்கும். தேய்பிறை, நிலா இன்னும் எழவில்லை. முதலில் கிளை ஒடியும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை, அவ்வளவு பெரிய உடம்பு நடக்கிற சத்தம் கேட்கவே இல்லை. வாசனைதான் முதலில் வந்தது, மாட்டுத் தொழுவமும் ஈரமண்ணும் கலந்த மாதிரி. ஜன்னலுக்கு வெளியே இருட்டின் ஒரு பகுதி மற்றதைவிடக் கறுப்பாக இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்தவள் என் தொடையில் நகத்தைப் பதித்துவிட்டாள், அந்தத் தழும்பு மாதக்கணக்கில் இருந்தது. நான்கு வயதுக் குழந்தையை அவள் அம்மா மார்போடு அணைத்து, காதில் ஏதோ ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். குழந்தை அழவில்லை. ஒருத்தி கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனாள், நான் பறித்துக்கொண்டேன். வெளிச்சம் பளிச்சென்று அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. வாழைப்பழத்தைப் பையோடு தின்றது. பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. உயிர் போகிற பயத்திலும், ஐயோ பையையும் சேர்த்துத் தின்கிறதே என்று தோன்றியது எனக்கே விசித்திரமாக இருந்தது. அந்தப் பை அதன் வயிற்றில் என்ன ஆனதோ. இருபது நிமிடம் நின்றது என்று ஒருத்தி சொல்கிறாள், ஐந்து நிமிடம்தான் என்று இன்னொருத்தி. எனக்குத் தெரியவில்லை. போனதும் தெரியவில்லை.

ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முன்னால் வெளிச்சம் தெரிந்தது. ஓட்டுநர் ஒரு சரக்கு வண்டியில் டயரோடு வந்தான். அந்த வண்டிக்கு எங்கள் ஊரில் வழங்கும் பெயர் குட்டி யானை. "அம்மா, குட்டி யானை வந்துவிட்டது" என்று அவன் இறங்கிக் கத்த, உள்ளே இருந்த இரண்டு பேர் அலறியே விட்டார்கள். அதோடு வனத்துறையின் ஜீப்பும் வந்தது. வழியில் இவர்களை நிறுத்தி விசாரித்துவிட்டுக் கூடவே வந்தார்களாம். வனக்காவலர் எங்களைத் திட்டினார், நன்றாகத் திட்டினார். எனக்கு அது தாய்வீட்டுக் குரல் போல இருந்தது. ஒன்றரைக்குப் புறப்பட்டு, அவர்கள் முன்னே போக, ஒகேனக்கல்லை நிற்காமலே கடந்து, விடியற்காலையில் ஊர் வந்து சேர்ந்தோம்.

இனிப் பணக்கணக்கு. பழைய டயரும் சக்கரமுமாக ₹4,200. குட்டி யானை வாடகை ₹2,800. இதெல்லாம் உங்களைச் சேர்ந்தது, காட்டு வழியில் போகச் சொன்னது நீங்கள் என்று வண்டி உரிமையாளர் சொல்லிவிட்டார். வழியில் பழுதானால் செலவு யாருடையது என்று முன்பே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி, சரி என்று பதில் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு யாரிடம் போவது? வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தேன் என்று நானே போய்ப் புகார் கொடுக்கவா? மறுநாள் பெரியம்மாவை மருத்துவமனையில் காட்டிய செலவு ₹1,150. பரிசல் போகவில்லை, மீனும் சாப்பிடவில்லை, எங்கள் காசு எங்கே என்று ஐந்து பேர் கேட்டார்கள். ஆளுக்கு ₹200 திருப்பிக் கொடுத்தேன். மொத்தம் ₹9,150 என் கையிலிருந்து. தோட்டை அடகு வைத்தேன். நான்கு நாள் தையல் வேலை ஓடவில்லை, ஊசியில் நூல் கோர்க்கக் கை நிற்கவில்லை.

பணத்தைவிட வலித்தது வேறு. கை தூக்கிய பதின்மூன்று பேரில் ஒருவர்கூட, நானும்தான் தூக்கினேன் என்று சொல்லவில்லை. "நீ ஊக்குநர், நீ வேண்டாம் என்றிருக்கலாமே" என்றார்கள். மீன் வறுவல் அக்காதான் அதிகம் பேசினார். குழுச் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் டயர் வாங்கினேன் என்று ஒரு பேச்சும் கிளம்பியது, வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் கூட்டத்தில் விரித்துக் காட்டினேன். பல இரவுகள் அழுதேன். அழுது முடித்த பிறகு யோசித்தால், அவர்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்று பட்டது. புடவை நிறம் என்ன எடுப்பது என்பதற்குக் கை தூக்கச் சொல்லலாம். இருட்டில் காட்டுக்குள் போவதா என்பதற்கு நான் கை தூக்கச் சொன்னது, பழி வந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான். பழி பங்கு போடப்படவில்லை. இப்போது எங்கே போனாலும் புறப்படும் முன்பே சொல்லிவிடுகிறேன்: மூன்று மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறோமோ அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புவோம், அதில் பேச்சு இல்லை, பிடிக்காதவர்கள் பணத்தை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். நல்லது.

இரண்டு வாரம் கழித்து, அந்தக் கை விளக்கைத் திருப்பிக் கொடுக்கப் பகல் பஸ்ஸில் தனியாகப் போனேன். பையனின் குக்கிராமத்தை நடத்துநரே காட்டி இறக்கிவிட்டார். வேன் நின்ற வளைவு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பக்கத்தில் அறுவடையான ராகிக் கொல்லை, அதன் ஓரத்தில் ஒரு மரத்தில் பரண். இவ்வளவு பக்கத்தில் ஆள் இருந்தார்களா என்று எனக்குத் தொண்டை அடைத்தது. "பயிர் இருக்கும்வரைதான் அக்கா பரணில் காவல். அறுத்தபிறகு யாரும் ஏற மாட்டார்கள். நீங்கள் கத்தியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது, அதற்குத்தான் கேட்டிருக்கும்" என்றான். அவன் அம்மா ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டுக்கொடுத்து, இருந்து மெதுவாகச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். மணியைப் பார்த்தேன், இரண்டே முக்கால். மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததில் போகும்போது இருட்டிவிடும் என்று சொல்லி, பாதிக் களியோடு எழுந்துவிட்டேன்.